மதுவிலக்குச் சங்கத் தலைவரின் கல்லீரல்

அத்தியாயம் ஏழு

போன வாரம், சங்கக் கொடியை விரித்தபோது அதற்குள்ளிருந்து என் கல்லீரல் கீழே விழுந்ததோடு நிறுத்தியிருந்தேன்.

கல்லீரலேதான் விழுந்தது என்று பதற வேண்டாம். அதைப் பற்றி ஆஸ்பத்திரி எனக்கு அனுப்பிய இரண்டு கடிதங்கள். கொடியைச் சுருட்டி வைக்கும் குழாய்க்குள் நான்தான் அவற்றை ஒளித்து வைத்திருந்தேன். வருஷத்துக்கு ஒரு தரம்தான் அந்தக் கொடியை விரிப்பார்கள் என்பது நினைவிருந்தது. அந்த ஒரு தரம் இந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்பது மறந்துபோயிற்று. நான்தான் கூட்டத்துக்குத் தேதி குறித்தவன்.

எங்கள் ஊர் கிரான்லிடென் மதுவிலக்குச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பதினொரு உறுப்பினர்கள். கொடியை விரித்தவள் சங்கத்தின் செயலாளர் இங்கெலா. என் மனைவியும் அவள்தான். கடிதங்களை எடுத்து, மேலே அச்சடித்திருந்த ‘கல்லீரல் பிரிவு’ என்பதை மட்டும் படித்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மற்ற ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி இரண்டாவது ஏலக்காய் பன்னை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஊர் இடிந்துபோய் நிற்பது என்றால் இப்படித்தான் நிற்கும்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக: நான் ஹெல்கெ. வயது ஐம்பத்தேழு. ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். என் பெருங்குடல் இருபத்திரண்டு வருஷமாகப் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகிக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது, அங்கே சில செல்கள் புற்றுநோயாக மாறுவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. பெருங்குடலை முழுசாக எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. வரும் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதற்காக எடுத்த ரத்தத்தில்தான் கல்லீரல் எண்கள் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தன. வந்து படம் எடுத்துக்கொள் என்று மூன்று வாரத்தில் இரண்டு தரம் எழுதினார்கள். நான் போகவில்லை.

ஏன் போகவில்லை? மதுவிலக்குச் சங்கத் தலைவனுக்குக் கல்லீரல் கோளாறு. பாதிரியார் வீட்டுக் கொல்லையில் சாராய அடுப்பைக் கண்டுபிடித்த மாதிரிதானே! போதாததற்கு, ஊமெயோ ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி பஸ்ஸை ஓட்டுகிறவள் எங்கள் ஊர் சீவ். யார் எந்தப் பிரிவுக்குப் போகிறார்கள் என்று அவள் கையில் பட்டியல் இருக்கும். நான் ஏறி இறங்குவதற்குள் ஊர் முழுக்க என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலை வைத்துவிடும் என்று பயந்தேன்.

திங்கட்கிழமை அறுவை டாக்டரே போன் செய்துவிட்டார். “ஈரல் எப்படி இருக்குன்னு தெரியாம நான் கத்தி வைக்க மாட்டேன். அது இறுகிப்போயிருந்தா, வயித்தைத் திறக்கறதே ஆளுக்கு ஆபத்து. புதன்கிழமைக்குள்ள படம் வரலன்னா வெள்ளிக்கிழமை இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்” என்றார். அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். மே மாதம் என்றார். அந்தச் செல்கள் மே மாதம் வரை வரிசையில் நிற்குமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செவ்வாய் முழுக்க இங்கெலா போனும் கையுமாக இருந்தாள். என்னிடம்தான் பேசவில்லை. சாயங்காலம் யாரோ ஒருவர் புதன் காலை எட்டுப் பத்துக்குப் படம் எடுக்க இருந்த தன் முறையை ரத்து செய்தார், அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அவர் யார், ஏன் ரத்து செய்தார், எனக்குத் தெரியாது. அவருக்குச் சளி பிடித்திருக்கலாம். அந்தச் சளி நல்லபடியாக ஆற வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

*

புதன்கிழமை காலை ஐந்து மணி. கடைவாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. உதட்டுக்கடியில் புகையிலைப் பொட்டலம் துருத்திக்கொண்டிருக்க, சீவ் பட்டியலைப் பார்த்தாள்.

“ரெண்டு பேரா?”

இங்கெலா உதட்டைக் குவித்து ஒரு மடக்கு காற்றை உள்ளே இழுத்தாள். எங்கள் பக்கத்தில் ‘ஆமாம்’ என்பது இதுதான். வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று எந்தக் காலத்திலோ யாரோ கண்டுபிடித்த சிக்கனம். தெற்கேயிருந்து வருகிறவர்கள் ஆளுக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று ஓடிவருவார்கள்.

“உக்காருங்க” என்றாள் சீவ். அவ்வளவுதான். எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சரி, ஊருக்குள் சொல்லிக்கொள்ளச் சேமித்து வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் இன்னும் ஐந்து நோயாளிகள். ஒவ்வொருவரும் பிளாஸ்கைத் திறந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி காப்பிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்துக் கரண்டியால் எடுத்துத் தின்றார்கள். நான் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று உத்தரவு. இங்கெலா தன் பிளாஸ்கைத் திறந்து, என் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குடித்தாள்.

“மூணு வாரம்” என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“இங்கெலா, நான் என்ன நினைச்சேன்னா...”

“நீ நினைக்கவே இல்ல. நினைச்சிருந்தா அடுப்புல போட்டிருப்ப. கொடிக்குள்ள வெச்சிருக்க பாரு, அதுக்குத்தான் எனக்கு ஆத்திரம். நான் விரிக்கப்போறேன்னு தெரியாதா உனக்கு?”

“மறந்துட்டேன்.”

“உனக்கு ஈரல் கெட்டாலும் பரவாயில்ல. மூளை கெட்டிருக்கே, அதுக்கு எந்த மாடில பாப்பாங்க?”

முன் சீட்டில் ஒருவர் கரண்டியை வாயிலிருந்து எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் பேசிவிட்டாள் அல்லவா? திட்டுகிறவரைக்கும் பயமில்லை.

*

படம் எடுக்கும் இயந்திரம் என் பனிவண்டியைவிடச் சத்தம் போட்டது. “மூச்சை உள்ள இழுங்க. பிடிச்சுக்குங்க” என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் அந்த இயந்திரத்துக்கு ‘ஆமாம், ஆமாம்’ போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தேன். பிறகு வேறொரு அறையில், விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்துப் பத்துத் தரம் சுண்டிப் பார்த்தார்கள். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அதில் தெரியுமாம். தர்பூசணிக்காரன் தட்டிப் பார்ப்பது போலத்தான் இருந்தது. சுண்டிய நர்ஸிடம், “பழுத்திருக்கா?” என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

கல்லீரல் டாக்டரின் பெயர் பர்வானே. என் மகள் வயசுதான் இருக்கும். எங்களை உட்காரவைத்து, எழுதும் பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஹெல்கெ, எவ்வளவு குடிப்பீங்க?”

இதற்காகவே சட்டைக் காலரில் சங்கத்தின் வெள்ளிச் சின்னத்தைக் குத்திக்கொண்டு போயிருந்தேன். நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“அழகா இருக்கு. எவ்வளவு குடிப்பீங்க?”

“ஒரு சொட்டு கிடையாது. பிறந்ததுலேந்து கிடையாது. இவளைக் கேளுங்க.”

“தொட்டதில்ல” என்றாள் இங்கெலா. “தொட்டிருந்தா இவ்வளவு பேசமாட்டான்.”

பர்வானே சிரித்தாள். “எல்லாரையும் கேக்கற கேள்விதான் இது. உங்க வியாதிக்கும் குடிக்கும் சம்பந்தமே இல்ல. ஈரல்லேந்து பித்தம் இறங்கி வர்ற குழாய்கள் அங்கங்க வீங்கி, சுருங்கிப்போயிருக்கு. உங்களுக்கு இருக்கற மாதிரி குடல் புண் உள்ளவங்க சில பேருக்கு இதுவும் சேர்ந்து வரும். எதனால வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. இந்த வடக்குப் பக்கத்து நாட்டு ஆளுங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே வருது.”

“சம்பந்தமே இல்லைங்கறதை ஒரு காகிதத்துல எழுதி, சீல் வெச்சுத் தர முடியுமா? எங்க சங்கப் பலகைல ஒட்டணும்.”

“வாயை மூடு ஹெல்கெ” என்றாள் இங்கெலா.

“உடம்பெல்லாம் அரிக்குதா?”

“குளிர்காலம். எல்லாருக்கும்தான் அரிக்கும்.”

“ராத்திரி கட்டில் சட்டத்துல முதுகைத் தேய்க்கிறான், கரடி மாதிரி” என்றாள் இங்கெலா. “ரெண்டு வருஷமா. நான்தான் சோப்பை மாத்திக்கிட்டிருந்தேன்.”

பர்வானே எழுதிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமலேயே கேட்டாள்: “அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, யாருக்காவது ஈரல் கோளாறு உண்டா? இது சில குடும்பத்துல ஒருத்தருக்கு மேல வரும்.”

இங்கெலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அண்ணன் ஒருத்தன் இருக்கான். ஸ்டூரே. நார்வேல. அவனுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருந்துது. கையைச் சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வரும். பத்தொம்பது வருஷம் ஆச்சு.”

“என்னன்னு கண்டுபிடிச்சாங்க?”

“குடின்னு.”

“எந்த டாக்டர்?”

“டாக்டர் இல்ல” என்றேன். “நாங்க.”

பர்வானே பேனாவைக் கீழே வைத்தாள். “ஒரு மணிக்கு எல்லா டாக்டரும் சேர்ந்து உங்க படத்தைப் பாக்கறோம். ரெண்டரைக்கு வாங்க” என்றாள். கதவுவரை வந்தவள், “அவரு உயிரோட இருந்தா கண்டுபிடிங்க. இப்பவே” என்றாள்.

*

காண்டீனில் இங்கெலா எனக்குக் காப்பியும் ரொட்டியும் வாங்கி வந்தாள். நாள் முழுக்க நாக்கு ஏங்கிய காப்பி. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் தலைவராகி இரண்டே மாதம். ஸ்டூரேயும் உறுப்பினர். சத்தியம் செய்துவிட்டுக் குடிக்கிறான் என்று புகார். அவன் மஞ்சள் கண்ணோடு எழுந்து நின்று, “நான் ஒரு சொட்டும் தொடல” என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அவனை நான் நம்பியிருக்கலாம். நம்புவதற்கு ஒரு வார்த்தை போதும். ஆனால் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒரு ஜோக் வந்துவிட்டது.

“அப்ப நீ தூங்கும்போது உன் கண்ணு ரெண்டும் தனியாப் போய்க் குடிச்சிட்டு வருது ஸ்டூரே” என்றேன்.

கூடமே சிரித்தது. அவன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சங்கத்திலிருந்து அவனை நீக்கும் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதமே எல்லை தாண்டிப் போய்விட்டான். அன்றைக்கு அடித்ததைவிட நல்ல ஜோக் என் வாழ்நாளில் நான் அடித்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அதற்கப்புறம் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருக்கிறேன்.

“சொல்லித் தொலைச்சிருக்கலாமே என்கிட்ட” என்றாள் இங்கெலா. “கடிதம் வந்த அன்னைக்கே.”

“சொன்னா நீயும் அப்படித்தான் நினைப்பியோன்னு...”

“எப்படி?”

“நான் ஸ்டூரேயை நினைச்ச மாதிரி.”

அவள் என் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை என் கையில் திணித்தாள். “தின்னு. நீ சாகறதா இருந்தா என்கிட்ட கேட்டுட்டுத்தான் சாகணும்.”

*

இரண்டரை மணிக்கு பர்வானே உள்ளே வந்தபோது இங்கெலா என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் எலும்பில் பதிந்தது.

“குழாய்கள் சுருங்கித்தான் இருக்கு. அந்த வியாதி இருக்கு, அது போகாது. வருஷா வருஷம் நாங்க பாத்துக்கிட்டே இருக்கணும்” என்றாள் பர்வானே. “ஆனா ஈரல் இன்னும் இறுகல. மெத்துன்னுதான் இருக்கு. மண்ணீரல் வீங்கல, ரத்தக்குழாய் எதுவும் புடைச்சுக்கிட்டு நிக்கல. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடக்கும். காலை ஏழரைக்கு உள்ள எடுத்துக்குவாங்க.”

இங்கெலா வாயைத் திறந்து, சத்தமாக, “ஆமாம்” என்றாள். கேள்வியே இல்லாத இடத்தில். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

“மலம் வெளில வர வயித்துல பை வெக்கணும்னு ஏற்கெனவே பேசியிருக்கோம் இல்லையா? ஈரல் இறுகியிருந்தா அந்தப் பை வெக்கற இடத்துலயே ரத்தம் கசியலாம். உங்களுக்கு இப்ப அந்தப் பயம் இல்ல.”

“பையைப் பத்தி நான் கவலைப்படல” என்றேன். “இருபத்திரண்டு வருஷமா கழிப்பறை எங்க இருக்குன்னு பாத்துத்தான் ரோட்டுப் பனியையே தள்ளிக்கிட்டிருக்கேன். இனிமே அது என்கூடவே வருதே.”

பர்வானே இந்தத் தரம் நன்றாகவே சிரித்தாள். எழுந்து அவள் கையைப் பிடித்தேன். நன்றி என்று சொல்ல நினைத்தேன். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வோம்: சாப்பாட்டுக்கு, போன வாரத்து விருந்துக்கு, வழிவிட்டதற்கு. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை தேய்ந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தேன். தேயவில்லை. தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவள் புரிந்துகொண்டு, என் கையை இரண்டு தரம் குலுக்கி விட்டாள்.

*

திரும்பும் பஸ்ஸில் நான் சீவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

“சீவ், நீ எத்தனை வருஷமா இந்த பஸ்ஸை ஓட்டற?”

“இருபத்தஞ்சு.”

“அப்ப ஸ்டூரேயும் இதுல வந்திருக்கானா? நாலாவது மாடில அந்த ஈரல் பிரிவுக்கு? இங்கேருந்து கிளம்பிப் போறதுக்கு முன்னாடி?”

சீவ் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். “என் வண்டில யாரு ஏறினாங்க, எந்த மாடிக்குப் போனாங்கன்னு நான் வெளில சொல்றதில்ல. சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். உன்னை இன்னைக்கு எங்க இறக்கிவிட்டேன்னு ஊர்ல ஒருத்தர் கேட்டாலும் சொல்லமாட்டேன்.”

இவளுக்குப் பயந்துதான் மூன்று வாரம் கடிதத்தை ஒளித்து வைத்தேன். வெட்கமாக இருந்தது.

“நான் சும்மா கேக்கல சீவ். அவன் அப்ப குடிக்காம இருந்திருந்தா...”

சீவ் கியரை மாற்றினாள். பிறகு உதட்டைக் குவித்து, நிதானமாக, நீளமாக, காற்றை உள்ளே இழுத்தாள்.

“நான் ஒண்ணும் சொல்லல” என்றாள். “மூச்சுதான் விட்டேன்.”

“இழுத்த.”

“மூச்சுன்னா ரெண்டும்தான்.”

என் சீட்டுக்கே திரும்பி வந்தேன். இங்கெலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் எங்க இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?” என்றேன்.

அவள் கைப்பையைத் திறந்தாள். ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. பின்பக்கம் ஒரு போன் நம்பர் மட்டும், ஒரு வார்த்தை கிடையாது. ஸ்டூரேயின் கையெழுத்து.

“வருஷா வருஷம் நான் அவனுக்கு வாழ்த்து போடுவேன். போன டிசம்பர்லதான் முதல் பதில் வந்துது.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே!”

“நீ மட்டும்தான் ஒளிச்சு வைப்பியா?”

நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. முன்னால் மேடு. அதைத் தாண்டினால் இருபது நிமிஷத்துக்கு சிக்னல் கிடையாது என்பது பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். சீவ் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். மர லாரிகள் ஒதுங்கும் இடத்தில் பஸ்ஸை ஒதுக்கி, இன்ஜினை அணைத்தாள். ஊசி போட்டுக்கொண்டு களைத்துப்போன ஐந்து பேரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. ஐந்து பேரும் ஜன்னல் வழியே ஒரே பைன் மரத்தை அக்கறையாகப் பார்த்தார்கள்.

“யாரு?” என்றது போன். குரல் கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது. ஆனால் அவன்தான்.

“ஹெல்கெ.”

“யாரு செத்தது?”

“இன்னும் யாரும் சாகல. ஸ்டூரே, எனக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். குடலை எடுக்கறாங்க. ஈரலையும் படம் எடுத்தாங்க. பித்தக் குழாய் சுருங்கியிருக்காம். குடியால வர்றது இல்லையாம்.”

“தெரியும்” என்றான். “நான் ஈரலை மாத்திக்கிட்டு பன்னெண்டு வருஷம் ஆச்சு. யாரோ செத்துப்போனான், அவன் வீட்டுல சரின்னு சொன்னாங்க. அவன் ஈரலோடதான் இப்ப உன்கிட்ட பேசறேன்.”

சொல்வதற்கு எனக்கு இரண்டு ஜோக் வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

“அன்னைக்குச் சங்கத்துல நான் சொன்னது தப்பு. நீ சொன்னதுதான் நிஜம். எல்லார் முன்னாடியும் சொல்லவேண்டியது. இப்ப ஒரு பஸ் ஆளுங்கதான் கேட்டுக்கிட்டிருக்காங்க.”

பைன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து தலைகளும் அசையவில்லை.

“ஜோக்கு நல்லாத்தான் இருந்துது” என்றான் ஸ்டூரே. “வெளில வந்து வண்டில உக்காந்து நானே சிரிச்சேன். அப்புறம்தான் அழுகை வந்துது.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “எத்தனை மணிக்கு உன்னை உள்ள எடுக்கறாங்க?”

“ஏழரைக்கு.”

“அஞ்சு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல இருப்பேன். ஆபரேஷன் ஆனப்புறம் முதல் ரெண்டு நாள் எப்படின்னு எனக்குத் தெரியும். பயப்படாத.” போனை வைக்கப் போகிறான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “ஹெல்கெ, நான் தனியா வரமாட்டேன்.”

“யாரைக் கூட்டிக்கிட்டு வர?”

“என் பொண்ணை. அவளுக்குப் பதினெட்டு வயசு. சித்தப்பான்னு ஒருத்தர் இருக்கறதா நான் சொன்னதே இல்ல. இன்னைக்குச் சாயங்காலம்தான் சொல்லணும்.” குரல் இறங்கியது. “ஒரு மாசமா அவளுக்கும் உடம்பு அரிக்குது. உன் டாக்டர்கிட்ட கேட்டு வையி.”

போன் அணைந்தது. சீவ் ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினாள். முன் சீட்டுக்காரர் திரும்பாமலே தன் பிளாஸ்கைப் பின்னால் நீட்டினார்.